கேலக்ஸிகளும் அவற்றின் அக்கம்பக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேலக்ஸிக் கொத்துகளின் நடுப்பகுதியில் சுருள் கேலக்ஸிகள் அரிது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரு கேலக்ஸி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கும் அது எங்கே இருக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் படித்தது சரியே. ஈர்ப்பால் ஒன்றுகூடியிருக்கும் பெரும் கேலக்ஸிக் கூட்டங்களான கொத்துகளில் சுருள் கேலக்ஸிகள் குறைவாக இருப்பதை எட்வின் ஹபிளும் மில்டன் ஹியூமசனும் 1931-இலேயே குறித்திருந்தார்கள். அதை எண்ணிக்கையோடு நிறுவியவர் ஆலன் டிரெஸ்லர். 55 கொத்துகளில் ஏறத்தாழ 6,000 கேலக்ஸிகளை வகைபிரித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் எத்தனை கேலக்ஸிகள் நெருங்கி இருக்கின்றன என்று கணக்கிட்டு, 1980-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். நெரிசலற்ற பகுதிகளில் பத்துக்கு எட்டு கேலக்ஸிகள் சுருள் வகையாகவும், கொத்துகளின் நெரிசல் மிகுந்த நடுப்பகுதியில் பத்துக்கு ஒன்று மட்டுமே சுருள் வகையாகவும் இருந்தன. அங்கே சுருள்களின் இடத்தை நீள்வட்ட கேலக்ஸிகளும், தட்டு இருந்தும் சுருள் கைகள் இல்லாத வில்லை வடிவ கேலக்ஸிகளும் நிரப்பியிருந்தன.

தட்டுக் கேலக்ஸியின் இயல்பை நினைவில் கொண்டால் இதன் காரணம் புரியத் தொடங்கும். நமது பால்வீதியைப் போன்ற ஒரு தட்டில் கோடானுகோடி விண்மீன்களும், ஹைட்ரஜன் வளிமமும், தூசும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஏறக்குறைய வட்டமான பாதைகளில், ஒரே திசையில் சுற்றுகின்றன. இந்த ஒழுங்குதான் தட்டு. வெளியிலிருந்து வரும் எந்தத் தொந்தரவும் இந்த ஒழுங்கைக் குலைக்கவே செய்யும். குலைந்தபின் விண்மீன்களால் தாமாகப் பழைய ஒழுங்குக்குத் திரும்ப முடியாது. வளிமத்தால் மட்டுமே முடியும். ஏனெனில் அது தன்னோடு தானே மோதி, வெப்பத்தை வெளியே கதிர்வீசி, குளிர்ந்து, மீண்டும் மெல்லிய தளமாக அமரும். ஆகவே, ஒரு கேலக்ஸியின் அக்கம்பக்கம் அதை என்ன செய்திருக்கிறது என்று அறிய விரும்பினால், முதலில் அதன் வளிமத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் தட்டின் வெளிப்புறத்தில் இருக்கும் வளிமத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் கடந்த அரை நூற்றாண்டில் கற்றவற்றுள் அடிப்படையானது இதுவே என்று நான் கருதுகிறேன். கீழே வரும் பல பதில்களிலும் இதையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்க்கப்போகிறோம்.

கேள்வி: கொத்துக்குள் விழும் கேலக்ஸியின் வளிமத்தைக் "காற்று" அடித்துச் செல்கிறது என்கிறார்கள். கேலக்ஸிகளுக்கு இடையே வெற்றிடம்தானே இருக்கிறது? அங்கே காற்று எங்கிருந்து வந்தது? (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: கொத்துகளுக்குள் இருப்பது முழு வெற்றிடம் அன்று. கோமா கொத்தை எடுத்துக்கொள்வோம். அது நம்மிடமிருந்து சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதன் கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியில், சுமார் 10 கோடி டிகிரி வெப்பநிலையில் எக்ஸ் கதிர்களை உமிழும் வளிமம் நிரம்பியிருக்கிறது. அது மிகமிக அடர்த்தி குறைந்தது. கொத்தின் நடுப்பகுதியிலேயே ஒரு லிட்டர் இடத்தில் சில துகள்கள் மட்டுமே இருக்கும். ஆனால் கேலக்ஸிகள் அதனூடே வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் விரைகின்றன. காற்றே வீசாத நாளிலும் வேகமாக மிதிவண்டி ஓட்டுபவரின் முகத்தில் காற்று அடிப்பதைப் போல, அசையாமல் நிற்கும் வளிமமே விரையும் கேலக்ஸிக்கு எதிர்க்காற்றாகிறது. அந்தக் காற்றின் அழுத்தம் வளிமத்தின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கக் கிடைப்பது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், அவ்வளவு மெல்லிய வளிமமும் வலிமை பெற்றுவிடுகிறது.

1972-இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் ஆகிய இருவரும் இதற்கு ஓர் எளிய அளவுகோலைத் தந்தார்கள். எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு பக்கம்; தட்டின் ஈர்ப்பு தன் வளிமத்தைப் பிடித்துவைத்திருக்கும் வலிமை மறுபக்கம். அந்த வலிமை, தட்டின் அந்தந்த இடத்தில் விண்மீன்களும் வளிமமும் எவ்வளவு செறிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. தட்டின் நடுவில் செறிவு மிகுதி. வெளியே செல்லச் செல்ல அது வேகமாகக் குறைகிறது. எனவே காற்று முதலில் விளிம்பைக் கழற்றுகிறது. பிறகு கேலக்ஸி கொத்தின் நடுவை நெருங்க நெருங்க, அடர்த்தியும் வேகமும் கூடுவதால், வளிமத் தட்டு வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருங்குகிறது.

இந்தக் காற்று விண்மீன்களை அசைப்பதில்லை. களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு போகும், மணி நேரே கீழே விழும் அல்லவா? விண்மீன் என்பது தன் எடைக்கு மிகச் சிறிய பரப்புடைய மணி. பரந்து கிடக்கும் ஹைட்ரஜன் பதர். நமக்கு அருகில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கன்னிக் கொத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்குள்ள என்ஜிசி 4522 என்ற கேலக்ஸியின் விண்மீன் தட்டு கலையாமல் இருக்கிறது. வளிமம் மட்டும் வெளிப்பகுதியில் அறுபட்டு, அதில் கணிசமான பங்கு தளத்தைவிட்டு ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. அருகிலிருக்கும் மற்றொரு கேலக்ஸியின் ஈர்ப்பு இழுத்திருந்தால் விண்மீன்களும் சேர்ந்து இழுபட்டிருக்க வேண்டும். வளிமம் மட்டும் நகர்ந்திருப்பதே இது காற்றின் வேலை என்பதற்குச் சான்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி கொண்டு கன்னிக் கொத்தின் 53 கேலக்ஸிகளின் ஹைட்ரஜனைப் படமெடுத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதிசெய்தது. கொத்தின் மையத்தை அடுத்திருந்த கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் தட்டு விண்மீன் தட்டைவிடச் சிறியதாக இருந்தது. சாதாரணமாக, தொந்தரவற்ற ஒரு சுருள் கேலக்ஸியில் ஹைட்ரஜன்தான் விண்மீன்களைத் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும்.

காற்று மிகக் கடுமையாக அடிக்கும் இடங்களில் பிய்ந்து செல்லும் வளிமம் நீண்ட வாலாக நீள்கிறது. நார்மா கொத்தில் உள்ள ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸியின் எக்ஸ் கதிர் வால் 2 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீளமானது. வாலுக்குள்ளேயே வளிமம் குளிர்ந்து புதிய விண்மீன்கள் பிறப்பதால், இழைகள் தொங்கும் சொறிமீனைப் போலத் தோற்றமளிக்கும் இத்தகைய கேலக்ஸிகளை "ஜெல்லிமீன் கேலக்ஸிகள்" என்றே வானியலாளர்கள் அழைக்கிறார்கள். இவற்றின் ஆய்வில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புறஊதாத் தொலைநோக்கி, பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் முன்முயற்சியில் உருவானது. ஏபெல் 85 என்ற கொத்துக்குள் வினாடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஜேஓ 201 என்ற ஜெல்லிமீன் கேலக்ஸியை அது படமெடுத்தது. பிய்ந்து சென்ற வளிமத்தில் இளம் விண்மீன்கள் திட்டுத்திட்டாக ஒளிர்வதை அந்தப் படங்களில் காணலாம்.

கேள்வி: வளிமம் போனாலும் விண்மீன்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அப்படியானால் சுருள் கைகள் ஏன் மறைய வேண்டும்? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநெல்வேலி)

பதில்: சுருள் கை என்பது ஒரே விண்மீன்கள் நிலையாகக் கூடியிருக்கும் கூட்டமன்று, தட்டில் தோன்றும் செறிவு அலை. தட்டு அமைதியாக, அதாவது விண்மீன்களின் தாறுமாறான அசைவு குறைவாக இருக்கும்போது மட்டுமே அந்த அலை எழும். ஆனால் ஒவ்வொரு அலையும் கடந்து செல்கையில் விண்மீன்களின் பாதைகளைச் சற்றுக் கலைத்துவிடுகிறது. குளிர்ந்த வளிமத்திலிருந்து ஒழுங்கான பாதைகளில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டே இருந்தால் கலைந்தது ஈடாகிவிடும். அந்த வரவு நின்றுவிட்டால், பத்துச் சுற்றுகளுக்குள்ளாகவே கைகள் மங்கிவிடுகின்றன என்பதை ஜெரி செல்வுட், ரே கார்ல்பெர்க் ஆகியோரின் கணினிக் கணக்கீடுகள் 1984-இல் காட்டின.

வரவை நிறுத்தக் கடுங்காற்று கட்டாயமில்லை. சுருள் கேலக்ஸிகள் தம்மிடமுள்ள மூலக்கூறு வளிமத்தைச் சுமார் 200 கோடி ஆண்டுகளில் விண்மீன்களாக்கித் தீர்த்துவிடும் வேகத்தில் செலவழிக்கின்றன. அவை அதைவிட நெடுங்காலமாக விண்மீன்களை உருவாக்கி வருவதற்குக் காரணம், வெளியிலிருந்து வளிமம் தொடர்ந்து வந்து சேர்வதே. கொத்துக்குள் நுழைந்த கேலக்ஸி, தன்னைச் சுற்றிச் சேமிப்பாக வைத்திருந்த மெல்லிய வளிம உறையை இழந்துவிடுகிறது. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரியைப் போல, அது உள்ளே மிஞ்சியிருப்பதைக் கொண்டு சிறிது காலம் வாழ்ந்து, பிறகு வற்றுகிறது. ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்ட்வெல் ஆகிய மூவரும் 1980-இல் முன்வைத்த விளக்கம் இது. இடைநிலையில் இருக்கும், கைகள் மங்கிய சுருள்களைச் சிட்னி வான் டென் பெர்க் 1976-இலேயே "இரத்தசோகைச் சுருள்கள்" என்று அழைத்தார். கோமா கொத்தின் என்ஜிசி 4921 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் "சுருள் வற்றினால் வில்லை" என்று முடித்துவிட முடியாது. வில்லை வடிவ கேலக்ஸிகளின் நடுப்புடைப்பு, அதாவது தட்டின் மையத்தில் விண்மீன்கள் திரண்டு புடைத்திருக்கும் பகுதி, சுருள்களின் நடுப்புடைப்பைவிடப் பெரும்பாலும் பெரியது என்று டிரெஸ்லரே சுட்டிக்காட்டினார். வளிமத்தை உருவினால் மட்டும் நடுப்புடைப்பு வளராது. வளிமத்தை மையத்துக்குத் தள்ளி அங்கே விண்மீன்களை உருவாக்கும் வேறொரு நிகழ்வும் நடந்திருக்க வேண்டும். அந்த நிகழ்வுக்கு ஏற்ற இடம், அடுத்த கேள்வியில் வரும் சிறிய குழுக்கள்.

கேள்வி: கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதுவது கொத்துகளில்தான் அதிகம் நடக்கும் அல்லவா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நெரிசல் மிகுந்த இடத்தில் மோதல் மிகுதி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றாக இணைய வேண்டுமானால் அவை மெதுவாகச் சந்திக்க வேண்டும். கொத்தின் நடுவில் வேகம் மிக அதிகம். ஒன்றையொன்று கடந்து போய்விடுகின்றன. அத்தகைய விரைந்த சந்திப்புகள் பலமுறை நிகழும்போது ஒவ்வொன்றும் தட்டைச் சிறிது உலுக்கும். 1996-இல் பென் மூரும் உடன் ஆய்வாளர்களும் கணினிக் கணக்கீட்டில் காட்டியபடி, சிறிய, மெலிந்த தட்டுகள் இந்தத் தொடர் உலுக்கலில் தம் வடிவையே இழந்துவிடுகின்றன. பெரிய தட்டுகள் தாங்கிக்கொள்கின்றன.

இணைவதற்கு உகந்த இடம், சில கேலக்ஸிகள் மட்டும் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் உலவும் குழுக்களே. அங்கே ஈர்ப்பு தன் வேலையை முடிக்க நேரம் இருக்கிறது. இதை முதலில் ஆராய்ந்தவர் சுவீடன் நாட்டு வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க். கணினி இல்லாத 1941-இல், ஒவ்வொரு கேலக்ஸிக்கும் 37 மின்விளக்குகளை ஒரு தளத்தில் அடுக்கிவைத்து, ஒளியின் அளவை ஒளிமின்கலத்தால் அளந்து, விளக்குகளைப் படிப்படியாக நகர்த்தினார். ஈர்ப்பைப் போலவே ஒளியும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், ஓர் இடத்தில் விழும் ஒளி அங்கே செயல்படும் ஈர்ப்புக்கு ஈடாக நின்றது. ஒன்றையொன்று கடந்த தட்டுகளில் சுருள் போன்ற நீட்சிகள் எழுவதை அவர் கண்டார். கருவி இல்லாத காலத்தில் ஒளியையே கருவியாக்கிய அந்தச் சிந்தனையை ஒவ்வொரு இயற்பியல் மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

1972-இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் கணினியில் இதே கேள்வியை எடுத்து, எம் 51 கேலக்ஸியையும் அதன் துணையையும் இணைக்கும் பாலத்தையும், ஆன்டெனா கேலக்ஸிகளின் நீண்ட வால்களையும் ஈர்ப்பு ஒன்றைக் கொண்டே உருவாக்கிக் காட்டினார்கள். இத்தகைய சந்திப்புகள் தட்டின் நடுவே, விண்மீன்கள் நீளவாக்கில் திரண்ட பட்டையைத் தோற்றுவிக்கலாம். பட்டை வளிமத்தை மையத்துக்குச் செலுத்தலாம். நடுப்புடைப்பு அவ்வாறு பெருக்கலாம். இன்று கொத்துகளில் இருக்கும் கேலக்ஸிகளில் பல, முன்பு சிறு குழுக்களில் வாழ்ந்து, அங்கேயே மாறத் தொடங்கி, குழுவோடு சேர்ந்து கொத்துக்குள் விழுந்தவை. எனவே ஒரு கேலக்ஸியின் இன்றைய இடத்தை மட்டும் பார்த்து அதன் வரலாற்றை எழுதிவிடக் கூடாது.

கேள்வி: ஒரே தட்டில் பாதி விண்மீன்கள் எதிர்த்திசையில் சுற்றும் கேலக்ஸி உண்டா? (பள்ளி மாணவர், சேலம்)

பதில்: உண்டு. கன்னிக் கொத்தில் உள்ள என்ஜிசி 4550 அப்படிப்பட்டது. 1992-இல் வெரா ரூபினும் உடன் ஆய்வாளர்களும் இதை அறிவித்தார்கள். ஏற்கெனவே இருந்த தட்டில், எதிர்த்திசையில் சுழலும் வளிமம் வெளியிலிருந்து வந்து சேர்ந்து, அதிலிருந்து இரண்டாவது விண்மீன் தொகுதி பிறந்தது என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சுற்றுச்சூழலே காரணம் என்று சொல்லிவிடலாமா? பிறப்பிலேயே வந்த வேறுபாடு எதுவும் இல்லையா? (முதுகலை மாணவர், சென்னை)

பதில்: சொல்லிவிட முடியாது. நெரிசலான இடங்களில் எடை மிகுந்த கேலக்ஸிகளும் மிகுதி. எடை மிகுந்தவை எங்கே இருந்தாலும் விண்மீன் உருவாக்கத்தை விரைவில் நிறுத்திக்கொள்கின்றன. 2010-இல் யிங்ஜி பெங்கும் உடன் ஆய்வாளர்களும், பெரும் எண்ணிக்கையிலான கேலக்ஸிகளைக் கொண்டு, எடையால் வரும் விளைவையும் சூழலால் வரும் விளைவையும் தனித்தனியே பிரித்துக் காட்ட முடியும் என்று நிறுவினார்கள். சிறிய கேலக்ஸிகளிடத்தில் சூழலின் கை ஓங்கியிருக்கிறது; பெரியவற்றில் உள்காரணங்களே முந்திக்கொள்கின்றன.

ஆனால் மாற்றம் உண்மையில் நடக்கிறது என்பதற்கு, காலத்தில் பின்னோக்கிப் பார்ப்பது வலுவான சான்றைத் தருகிறது. 1978-இல் ஹார்வி புட்சர், அகஸ்டஸ் ஓம்லர் ஆகியோர் தொலைதூரக் கொத்துகளில் நீலநிற கேலக்ஸிகள், அதாவது இன்னும் இளம் விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருப்பவை, மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 1997-இல் டிரெஸ்லரும் குழுவினரும் ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு, சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கொத்துகளில் வில்லை வடிவ கேலக்ஸிகளின் பங்கு இன்றிருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு குறைவு என்றும், அந்த அளவுக்குச் சுருள்கள் கூடுதல் என்றும் காட்டினார்கள். அன்றைய சுருள்களில் பலவே இன்றைய வில்லைகள் என்று கொள்வதே பொருத்தமான விளக்கம்.

தட்டின் விளிம்பைப் பற்றிய செய்தி இன்னும் நுணுக்கமானது. தட்டின் ஒளி மையத்திலிருந்து வெளியே செல்லச் செல்ல ஒரே விகிதத்தில் மங்கும் என்று கென் ஃப்ரீமன் 1970-இல் விளக்கினார். உண்மையில் பல தட்டுகளில் ஒரு தொலைவுக்கு அப்பால் ஒளி திடீரென வேகமாக மங்குகிறது. பீட்டர் எர்வின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்திருக்கும் வில்லை வடிவ கேலக்ஸிகளில் இத்தகைய முறிவு கணிசமானவற்றில் காணப்பட்டது. கன்னிக் கொத்தின் வில்லைகளில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. அதே காலத்தில், ஏபெல் 901/902 கொத்துத் தொகுதியில் சுருள் கேலக்ஸிகளை ஆராய்ந்த வேறொரு குழு, விண்மீன் தட்டின் வெளிப்பகுதி அமைப்பில் சூழலால் வேறுபாடு எதையும் காணவில்லை. இவ்விரு முடிவுகளையும் முரண்பாடாகக் கருத வேண்டியதில்லை என்பது என் கருத்து. காற்று வளிமத்தைத்தான் தொடுகிறது. இன்னும் சுருளாகவே இருக்கும் கேலக்ஸியின் பழைய விண்மீன்கள் அதற்குள் இடம் மாறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கேள்வி: அருகில் யாருமே இல்லாத கேலக்ஸி எப்படி இருக்கும்? (இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: ஆயன் விண்மீன் குழுவின் திசையில், சுமார் 33 கோடி ஒளியாண்டு குறுக்களவுள்ள ஒரு பெரும் வெறுமை 1981-இல் கண்டறியப்பட்டது. அத்தகைய வெறுமைகளிலும் சில கேலக்ஸிகள் உண்டு. பெரும்பாலும் அவை சிறியவை, நீலநிறமானவை, வளிமம் நிறைந்தவை, தட்டு வடிவானவை. 1980-களில் கண்டறியப்பட்ட மாலின் 1 என்ற கேலக்ஸியின் மிக மங்கலான தட்டு 6 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் பரந்தது. பால்வீதியின் விண்மீன் தட்டைப்போல் அது ஆறு மடங்கு. அவ்வளவு மெலிந்து பரந்த தட்டு, ஒரு கொத்தின் நடுவே சிதையாமல் நிலைத்திருக்க வழியில்லை.

கேள்வி: நமது பால்வீதிக்கு இதெல்லாம் நடந்திருக்கிறதா? இவற்றில் ஏதேனும் ஒன்றையாவது தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பால்வீதி அமைதியான குழுவில் வாழ்கிறது, ஆனால் தனிமையில் இல்லை. அதன் ஹைட்ரஜன் தட்டின் விளிம்பு ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் கீழாகவும் வளைந்திருப்பது 1957 முதலே தெரியும். 1994-இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுங்கேலக்ஸி, பால்வீதியைச் சுற்றிவருகையில் தானே கிழிபட்டு விண்மீன்களை நீண்ட ஓடைகளாக இழந்துகொண்டிருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் அசைவையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளில், சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்கள் தட்டின் தளத்துக்கு மேலும் கீழும் அசையும் விதத்தில் ஒரு சுருள் கோலம் 2018-இல் தென்பட்டது. சில பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டு ஒருமுறை உலுக்கப்பட்டதன் தடம் அது. தனுசுக் குறுங்கேலக்ஸியின் நெருக்கமான கடத்தல் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆண்ட்ரோமெடாவுடன் பால்வீதி இணைவது உறுதி என்று முன்பு எழுதிவந்தோம். 2025-இல் வெளியான கணக்கீடு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ சரிபாதி என்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாகர்கோவிலில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பால்வீதியின் துணையான பெரிய மெகல்லன் மேகம் நம்மிடமிருந்து சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. பால்வீதியைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய வெப்ப வளிமத்தினூடே அது விரைகிறது. அதன் ஹைட்ரஜன் தட்டு, முன்னேறிச் செல்லும் பக்கத்தில், விண்மீன் தட்டுக்கு உள்ளேயே அறுபட்டு நிற்கிறது. பின்னால், இரு மெகல்லன் மேகங்களிலிருந்தும் வெளியேறிய வளிமம் வானின் பெரும்பகுதியில் ஓடையாக நீண்டு கிடக்கிறது. கன்னிக் கொத்தில் என்ஜிசி 4522-க்கு நேர்வதுதான் இங்கே சிறிய அளவில், நம் வாசலிலேயே நேர்கிறது. ஹைட்ரஜனைக் காண ரேடியோ தொலைநோக்கி வேண்டும். ஆனால் விண்மீன் தட்டை வெறும் கண்ணால் காணலாம். டிசம்பர் நடுவில், நிலவில்லாத நள்ளிரவில், விளக்கொளி இல்லாத கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில், கடலுக்கு மேலே, மங்கிய வெண்திட்டாக அது தெரியும். கடல்மீது மூட்டம் இருந்தால் தெரியாது. வானம் தெளிவாக இருக்கும் இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள்.